கள்ளுக்கடையைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டாம்

சிலாங்கூர் மாநிலம் 2025-ஐத் தன் வருகை ஆண்டாகக் கொண்டாடியது. 2026 மலேசியா முழுமைக்கும் வருகை ஆண்டு. பயணிகளைக் கவர நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரு யோசனை தவறாமல் முன்வைக்கப்படுகிறது. சாலாக் செலாத்தான், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எங்கே நம்மவர்கள் கூடிப் பேசினாலும் அது காதில் விழும். கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறி ஆஸ்திரேலியாவின் பரோசாவுக்கும் மார்கரெட் ரிவருக்கும், பக்கத்தில் தாய்லாந்தின் காவ் யாய்க்கும் போய்த் திராட்சைத் தோட்டங்களில் ஒயின் சுவைத்து வருகிறார்கள். அதே போல உலகத்தைச் சிலாங்கூர்க் கடலோரத் தென்னந்தோப்புகளுக்கு அழைத்துவந்து கள்ளைச் சுவைக்க வைத்தால் என்ன? கள் தமிழரின் ஒயின், அதை மறைத்து வைப்பது தாழ்வு மனப்பான்மை, அதற்கு ஒரு மரபுப் பயணப் பாதை அமைத்தால் வருமானமும் வரும், பெருமையும் வரும் என்பது அந்த வாதம். தமிழ்நாட்டில் 1987 முதல் நடப்பில் இருக்கும் கள் தடையை நீக்கக் கோரி நடக்கும் போராட்டங்களையும், 2025 ஜூனில் அரசியல் தலைவர் சீமான் பனை ஏறிக் கள் இறக்கியதையும் இதற்குத் துணையாகக் காட்டுகிறார்கள். இந்த யோசனை வணிகக் கணக்கிலும் தவறு, நியாயக் கணக்கிலும் தவறு என்பது என் உறுதியான கருத்து. இரண்டில் பெரியது இரண்டாவது தவறுதான். ஆனால் முதல் தவறைப் புரிந்துகொண்டால்தான் அது விளங்கும்.

ஒயின் சுற்றுலா எதை விற்கிறது? கோப்பையில் ஊற்றித் தரும் திரவத்தை மட்டும் என்றால் யாரும் பத்து மணி நேரம் பறந்து போகமாட்டார்கள். அதே புட்டி கோலாலம்பூர் அங்காடியிலேயே கிடைக்கிறது. பயணி தேடிப்போவது நிலத்தை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் எந்த மண்ணில் விளைந்த திராட்சை போர்ட் ஒயினுக்கு உரியது என்று 1756-லேயே எல்லை வரையறுக்கத் தொடங்கி, கற்கள் நட்டுக் காட்டினார்கள். பிரான்ஸ் 1935-இல் ஊர்ப் பெயருக்கும் ஒயினுக்கும் உள்ள உறவைச் சட்டத்தால் கட்டிப்போட்டது. நமக்கு நெருக்கமான நாசிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே நிலம் வைத்துத் திராட்சை பயிரிட்ட விவசாயிகள் இருந்தார்கள்; 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து வரிச்சலுகை கொடுத்தது; அதன்மேல்தான் சூலா போன்ற நிறுவனங்கள் சுவைக்கூடமும் விடுதியும் இசைவிழாவும் கட்டி எழுப்பின. ஆக, ஒயின் சுற்றுலாவுக்கு மூன்று கால்கள். பயிரிடுபவருக்கு நிலத்தில் உரிமை இருக்க வேண்டும். அந்த நிலத்தின் பெயர் பொருளோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மதிப்பு ஏறுகிற காலம் வேண்டும். ஒரு தலைமுறை நட்ட கொடியிலிருந்து அடுத்த தலைமுறை பிழிகிறது. நிலவறையில் கிடக்கும் பழைய புட்டியைப் பயணிக்குக் காட்டி, அவருடைய தாத்தா காலத்து மழையையும் வெயிலையும் பற்றி அவர்களால் பேச முடிகிறது.

கள்ளுக்கு இந்த மூன்றில் எதுவும் கிடையாது. பாளையைக் கட்டி, தட்டி, காலையும் மாலையும் சீவி இறக்கும் நீர், கலயத்தில் விழுந்த கணத்திலிருந்தே புளிக்கத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் நான்கைந்து விழுக்காடு மதுச்சத்து ஏறுகிறது. மறுநாள் அது காடியை நோக்கிப் போய்விடுகிறது. சேமித்து வைத்து மதிப்பேற்ற முடியாத பொருள் அது. சூடாக்கிப் புட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்கிற வழி உண்டு. ஆனால் அப்படி அடைத்ததைக் குடிக்க யாரும் சிலாங்கூரின் கேரித் தீவு வரை வரவேண்டியதில்லை. காலம் என்ற கால் இங்கே ஒடிந்துபோகிறது. நிலம் என்ற காலோ எப்போதுமே நம்மிடம் இருந்ததில்லை. தோட்டத்தில் கள் இறக்கியவருக்கு மரமும் சொந்தமில்லை, மரம் நின்ற மண்ணும் சொந்தமில்லை, குடியிருந்த லயத்து வீடும் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். இன்று புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடம். 1990-களில் தலைநகர் எழும்பியபோது அங்கே தலைமுறைகளாக ரப்பர்ப் பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடிக்குப் பெயர்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக இதே கதைதான். பிரான்ஸின் போர்டோவில் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் வாசல் வளைவு பயணியை வரவேற்கிறது. இங்கே நாம் பயணியை எந்த வாசலில் நிறுத்தி, யாருடைய தோட்டம் இது என்று சொல்லப்போகிறோம்?

வணிகக் கணக்கை இத்துடன் விட்டுவிடலாம். எதையும் சாமர்த்தியமாக விற்க முடியும். கடற்கரையில் நான்கு குடிசை போட்டு, வாழையிலையில் மீன் வறுவல் வைத்து, கலயத்தில் கள் ஊற்றினால் வார இறுதியில் கூட்டம் வரலாம். கேள்வி, நாம் எந்த வரலாற்றை மரபு என்ற பெயரில் விற்கிறோம் என்பது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தானாக முளைத்த கிராமத்து வழக்கம் கிடையாது. அது உரிமம் பெற்ற நிறுவனம். காலனி அரசு உரிமம் கொடுத்தது, வரி வாங்கியது. தோட்ட நிர்வாகம் தோட்டத்துக்குள்ளேயே கடை வைத்தது, வேலை முடியும் நேரத்தில் கடை திறந்தது. காலையில் கொடுத்த கூலி மாலையில் அதே எல்லைக்குள் திரும்பி வந்தது. லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்று சொல்லிக் கள்ளுநிதி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். குடும்பத்துக்குப் போக வேண்டிய கூலியை ஆண்கள் குடித்துத் தீர்க்க, அதிலிருந்து ஒரு பங்கைக் கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் கொடுத்து, அதையே கருணை என்று கணக்கு எழுதினார்கள். வெளியூர்ச் சொந்தபந்தம் தடையின்றி வந்துபோக முடியாத, மாலைப் பொழுதைக் கழிக்க வேறொன்றும் இல்லாத ஒரு வேலி கட்டிய உலகத்தில், கள்ளுக்கடை தொழிலாளியை இருந்த இடத்திலேயே இருத்தி வைத்தது.

இதை நான் இன்றைய கண்ணோட்டத்தில் பின்னோக்கிச் சொல்லும் குற்றச்சாட்டு என்று தள்ளிவிட முடியாது. அன்றைய தொழிலாளர்களே சொன்னது இது. உயிரைக் கொடுத்துச் சொன்னது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அந்த வாழ்க்கை முழுவதும் கண்முன் வரும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, முறையான மருத்துவ வசதி, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, பெண்களிடம் வரம்பு மீறுவதை நிறுத்துதல், வெள்ளைக்காரத் துரையையோ கணக்கெழுதும் கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். இவற்றோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடுதல். கூலிக்கும் மானத்துக்கும் நடுவே இந்தக் கோரிக்கை வைக்கப்பட்டிருப்பது தற்செயல் கிடையாது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன கையும் கள்ளுக்கடையைத் திறந்து வைத்த கையும் ஒன்றுதான் என்று அவர்கள் தெளிவாகக் கண்டிருந்தார்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தபோது படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். போர் முடிந்தபின் 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் நடத்தி, போலீஸின் அடக்குமுறைக்கு ஆளானது. மலாயாத் தமிழர் கள்ளைப் பற்றி ஒரு சமூகமாகக் கூடி எடுத்த முடிவு ஒன்று உண்டென்றால், அது இதுதான். அதே கிள்ளானில் கள்ளுக்குப் பயணப் பாதை அமைத்து, அதைத் தமிழர் மரபு என்று பலகை எழுதினால், கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களின் பேரால் கள்ளுக்கடையைத் திறந்து வைத்தவர்களின் மரபைக் கொண்டாடுகிறோம்.

ஒயின் உலகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறவர்கள் அந்த உலகத்தை முழுதாகப் பார்க்கட்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்கள் உலகப் பயணிகளின் கனவு. வெள்ளைச் சுவர், மலை, கொடி வரிசை என்று படங்கள் மயக்கும். அந்தத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே மலிவான ஒயினைக் கொடுக்கும் ‘டோப்’ முறை தலைமுறைகளாக இருந்தது. 1960-களில் சட்டம் அதைத் தடுத்தபின்னும் பல தோட்டங்களில் நீண்ட காலம் தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்றாக அந்த வட்டாரம் இன்றும் இருக்கிறது. அங்கே பிரான்ஸ்ஹுக்கில் சோல்ம்ஸ்-டெல்டா என்ற தோட்டம், தன் மண்ணில் உழைத்த அடிமைகளின் பெயர்களையும் வாழ்வையும் சொல்லும் அருங்காட்சியகத்தைத் தோட்டத்துக்குள்ளேயே அமைத்தது. ஒயின் வட்டாரங்களிலிருந்து நாம் கற்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது இந்த நேர்மை. கோப்பையை நீட்டும் முன் அந்தக் கோப்பையின் கதையைச் சொல்லும் துணிவு. கேப்பின் ஒயின் குறைந்தபட்சம் உலகச் சந்தைக்கென்று உண்டான பொருள். தொழிலாளிக்குக் கொடுத்தது அதன் மலிவான மிச்சம். நம் தோட்டக் கள்ளோ தொழிலாளி குடிப்பதற்கென்றே இறக்கப்பட்டது. துரை அதைத் தன் மேசையில் வைத்துக் குடித்ததில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது சரவாக் எடுத்துக்காட்டு. நீளவீடுகளுக்குப் போகும் பயணிக்கு இபான் மக்கள் துவாக் என்னும் அரிசி மதுவைக் கொடுத்து வரவேற்கிறார்கள். காவாய் அறுவடை விழாவின் அடையாளமாகவே அது விளங்குகிறது. அவர்களுக்கு இருக்கும் பெருமிதம் நமக்கு ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை, அந்த மதுவை யார் ஆக்குகிறார்கள், எங்கே ஆக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. துவாக் அவர்கள் சொந்த நிலத்து அரிசியில், சொந்த வீட்டில், பெரும்பாலும் பெண்கள் கைப்பட ஆக்குவது. அறுவடை முடிந்ததற்கு நன்றி சொல்லும் நாளில், வந்த விருந்தினருக்குக் கொடுப்பது. அதை விற்று அவர்கள் கூலியைத் திரும்பப் பிடுங்கிய முதலாளி யாரும் அதன் வரலாற்றில் இல்லை. ஆகவே அதை உலகுக்குக் காட்டும்போது அவர்கள் தங்களையே காட்டுகிறார்கள். மதுவைக் காட்டுவது இழிவு என்று நான் சொல்லவில்லை. தன் கையால் ஆக்கித் தன் விருந்தினருக்குக் கொடுப்பது விருந்தோம்பல். தன்னை அடக்கி வைத்த கருவிக்கு மாலை போட்டு நுழைவுக் கட்டணம் வாங்குவதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

அடுத்து கேரளத்தைச் சொல்வார்கள். அங்கே கள்ளுஷாப்புகளைத் தேடிப் பயணிகள் போகிறார்கள், மீன்கறியும் கப்பையும் புகழ்பெற்றுவிட்டன, 2023-க்குப் பிறகு ‘கேரளா டோடி’ என்று பெயரிட்டு விற்கவும் சுற்றுலா விடுதிகளில் கள் பரிமாறவும் அரசே வழி செய்தது. உண்மைதான். ஆனால் அந்த நிலைக்குக் கேரளம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1969-லேயே கள் தொழிலாளர்களுக்குச் சேமநிதிச் சட்டம் வந்தது. வலுவான தொழிற்சங்கங்களும் கூட்டுறவுகளும் அந்தத் தொழிலைத் தொழிலாளியின் பக்கம் திருப்பின. யாழ்ப்பாணத்திலும் அப்படியே; கள் விற்கும் தவறணைகள் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தபோது மரமேறியவருக்கு விலையிலும் நிர்வாகத்திலும் ஒரு சொல் கிடைத்தது. சிலாங்கூரில் தோட்டக் கள் இறக்கியவரின் கைக்கு அந்தத் தொழில் அப்படி வந்ததில்லை. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கள் இறக்குவதைக் குலத்தொழிலாக விதிக்கப்பட்ட சமூகத்திலிருந்தே வந்த ஸ்ரீ நாராயண குரு, அதைச் செய்யவும் விற்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று தம் மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தொழிலின் பாரத்தை முதுகில் சுமந்தவர்கள் சொன்ன சொல்லுக்குத் தனி எடை உண்டு. கிள்ளானில் 1941-இல் எழுந்த குரலும் அத்தகையதே.

சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைவிடக் கள் நல்லது, இயற்கையானது, சத்துள்ளது. நல்ல கள்ளைப் பெருமையோடு முன்வைத்தால் நச்சுச் சாராயம் ஒழியும் என்பது மூன்றாவது வாதம். இந்த வாதத்தின் வயதைக் கவனிக்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னபோது தோட்டத் துரைமார்களும் காலனி அதிகாரிகளும் சொன்ன பதில் இதேதான்: மூடினால் சம்சுவுக்குப் போய்விடுவார்கள், கள்ளில் உயிர்ச்சத்து இருக்கிறது. உரிமம் பெற்ற கடைகள் அத்தனை ஆண்டுகள் திறந்தே இருந்தும் சம்சு ஒழியவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாக அதற்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நூறாண்டுக்கு முன் நம் பாட்டன்மார் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். குறைந்த கூலி, நெருக்கடியான குடியிருப்பு, குடும்பத்தைப் பிரிந்த தனிமை ஆகியவைதான் மனிதனை மலிவுச் சாராயத்திடம் தள்ளுகின்றன. பயணிக்குக் கலயத்தில் கள் ஊற்றுவதால் அவற்றில் ஒன்றும் மாறப்போவதில்லை.

கடைசியாக, இந்த எதிர்ப்பே மரமேறிகளை இழிவாக நினைத்த பழைய சாதிப் பார்வையின் தொடர்ச்சி என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பார்வை இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை ஒழிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தென்னையின் உச்சியில் பாளையின் பதம் பார்த்து, நூலளவு சீவி, சொட்டுச் சொட்டாக வடித்தெடுப்பது கூர்ந்த அறிவும் கைத்திறனும் சேர்ந்த வேலை. அதற்கு மரியாதை வேண்டும். ஆனால் அந்த மரியாதைக்குப் போதை தேவையில்லை. அதே பாளை நீரைக் காய்ச்சினால் குலா மலாக்கா. செண்டோல் விற்கும் ஒவ்வொரு கடையிலும் உலகப் பயணி விரும்பிச் சுவைக்கும் கருப்பட்டி அது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் காத்தால் பதநீர். நன்றாகப் புளிக்க விட்டால் சமையலுக்கான காடி. மலாய்க் குடும்பமும் அரபு நாட்டிலிருந்து வரும் பயணியும் தயங்காமல் வாங்கக்கூடிய இத்தனை பொருள்கள் ஒரே மரத்திலிருந்து வரும்போது, இந்த நாட்டில் பெரும்பான்மையோர் தொடக்கூட மாட்டாத ஒன்றை மட்டும் முன்னிறுத்துவது மரமேறிக்கும் நன்மை தராது. கள்ளைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. விரும்புகிறவர் சட்டப்படி வாங்கிக் குடிக்கட்டும். ஒரு சமூகத்தின் முகமாக அதை உலகின் முன் நிறுத்தாதீர்கள் என்பதே என் வாதம்.

அப்படியானால் தூரத்துப் பயணிக்கு என்ன காட்டுவது? காட்ட வேண்டியது கொட்டிக் கிடக்கிறது. பிரான்ஸில் கொன்யாக் மது தயாராகும் ஷரான்த் பகுதியின் பார்பெசியே ஊரில் பிறந்த ஆன்ரி ஃபோகோனியே சிலாங்கூருக்கு வந்து, 1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. உலகின் சமையலறைகளையே மாற்றிய ஒரு பயிரின் மலேசிய வணிகக் கதை சிலாங்கூரின் ஒரு தோட்டத்தில், தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் தொடங்குகிறது. இந்தக் கதையைக் கேட்கப் பிரெஞ்சுக்காரரும் வருவார். பாமாயில் ஊற்றிச் சமைக்கும் எந்த நாட்டவரும் வருவார். கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் நகையும் புடவையும் பார்த்துவிட்டுப் போகும் பயணியை, அங்கிருந்து 1941-இன் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் ஒரு வழித்தடம் வேண்டும். தோட்டங்களில் எஞ்சியிருக்கும் கோயில்கள், இடம் பெயர்ந்தும் பெயரை விடாத தமிழ்ப்பள்ளிகள், லயத்து வீடுகள், செம்பனையாக மாறிப்போன பால் மரக் காடுகள் ஆகியவை அந்த வழியில் வரட்டும். அந்த வழியில் கள்ளுக்கடைக்கும் ஒரு நிறுத்தம் இருக்கட்டும். ஊற்றிக் கொடுக்கும் கடையாக வேண்டாம், அது எப்படி இயங்கியது, லாபம் யாருக்குப் போனது, அதை மூடச் சொல்லித் தெருவுக்கு வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதிவைத்த இடமாக.

இதைச் செய்ய மாநில அரசின் சுற்றுலாத் துறையும், நம் சங்கங்களும், தோட்ட நிறுவனங்களும் ஒன்றுகூட வேண்டும். தோட்ட நிறுவனங்களிடம் பழைய ஆவணங்களைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பால் வெட்டிய கடைசித் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டிகளாக அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து, வரும் பணம் அவர்கள் கைக்குப் போகும்படி செய்ய வேண்டும். ஒயின் வட்டாரங்கள் பயணியை ஈர்ப்பது தங்கள் நிலத்தையும் உழைப்பையும் தங்கள் பெயரிலேயே சொல்லிக்கொள்ள முடிவதால். நம்மிடம் நிலம் இல்லாமல் போயிற்று. உழைப்பின் வரலாறு இருக்கிறது, அதை நம் பெயரில் சொல்லும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை ஒரு கலயம் கள்ளுக்கு விற்றுவிடக் கூடாது.